ஜெல் மருந்து: டெஸ்ட் பாஸ் ஆனா மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல மூட்டுவலிக்குப் பூசுற ஜெல் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ஒவ்வொரு பேட்சையும் லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் வெளிய விடுறாங்க அதனால தரத்தப் பத்தி கவலையே வேண்டாம்னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல. நான் ஃபார்முலேஷன், அதாவது மருந்த எதோட எவ்வளவு கலக்கணும்னு வடிவமைக்கிற வேலை பார்க்கிறவன். டெஸ்ட் தப்பக் காட்டிக் குடுக்கும், சரி பண்ணாது. தரத்த மொதல்லயே யோசிச்சு உள்ள வச்சுத் தயாரிக்கணும்னு தர நிர்வாக நிபுணர் ஜோசப் ஜூரான் சொன்ன க்வாலிட்டி பை டிசைன், மருந்துத் துறைக்கு ஐசிஎச்ங்கிற சர்வதேச மருந்து ஒழுங்குமுறை அமைப்போட க்யூ8 வழிகாட்டுதலா 2005லயே வந்தாச்சு.

டைக்ளோஃபினாக்ங்கிற வலி மருந்து போட்ட ஜெல்லயே எடுத்துக்குங்க. ஜெல்ல கெட்டியாக்குற கார்போபால் பவுடர தண்ணில ஊற வச்சா கஞ்சித்தண்ணி மாதிரிதான் கிடக்கும், டிரைஎத்தனோலமைன்ங்கிற காரத்த சொட்டு சொட்டா விட்டு பிஹெச்ச (அமில-கார அளவ) ஏத்துனாத்தான் கெட்டியாகும். டைக்ளோஃபினாக்குக்கோ ஆசிட் ஆகாது, பிஹெச் எறங்குனா கரையாம படிகமா பிரிஞ்சு நிக்கும், சரின்னு சோடியம் உப்பா போட்டா அந்த உப்பே ஜெல்ல இளக்கும். கார்போபால கூட்டுனா மருந்து வெளிய வர்றது மெதுவாகும், பிஹெச்சும் எறங்கும். இப்படி ஒண்ணு மேல ஒண்ணு கை வைக்கிற எடத்துல, மத்தத அப்படியே வச்சுட்டு ஒண்ண மட்டும் மாத்திப் பாக்குற பழைய வழக்கம் எதுக்கும் ஆகாது. கார்போபால் அளவு, பிஹெச் மாதிரி 3 விஷயத்த 3 அளவுல எல்லா விதமாவும் செஞ்சு பாக்க 27 பேட்ச் ஆகும், பாக்ஸ், பென்கன்ங்கிற புள்ளியியல்காரங்க ரெண்டு பேர் 1960ல குடுத்த பரிசோதனைத் திட்டத்துல தேர்ந்தெடுத்த சில கலவைய மட்டும் செஞ்சா, நடு அளவ 3 தடவை செஞ்சும் 15லயே முடிஞ்சுரும்.

ஆனா இந்த முறை நெறைய எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுகலை) ப்ராஜெக்ட்ல வெறும் சாஃப்ட்வேர் வேலையாப் போனதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். எந்த 3 விஷயம்ங்கிறத சீனியர் தீசிஸ்லேருந்து எடுத்துக்குறாங்க, கலர் கலரா கிராஃப் வருது, ஆப்டிமைஸ்டு ஃபார்முலா, அதாவது இதுதான் சிறந்த கலவைன்னு ஒண்ணு ரெடி. பூசப்போறது யாருங்கிறதுலேருந்துல்ல ஆரம்பிக்கணும்? டியூப அழுத்துறது வாதம் புடிச்ச விரல். வேர்வையில இருக்குற உப்பு பட்டாலே கார்போபால் ஜெல் தண்ணியா ஓடும், நம்ம ஊர் வெயிலுக்கு அது முட்டியில நிக்குமாங்கிறதத்தான் நான் மொதல்ல கேப்பேன். அப்புறம் ஜெல் கெடாம நிக்குதான்னு 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்துல 6 மாசம் வச்சுப் பாக்காம ஆப்டிமைஸ் ஆயிருச்சுன்னு எப்படிச் சொல்றது?

அடுத்த தடவை கம்பெனிக்காரங்கள பேட்டி எடுக்கும்போது டெஸ்ட் ரிசல்ட்டோட விட்டுறாதீங்க சார். பிஹெச்சும் கெட்டித்தன்மையும் எந்த எல்லை வரைக்கும் ஆடலாம், அந்த எல்லைய எந்தப் பரிசோதனைய வச்சுப் போட்டீங்கன்னு கேட்டு, பதில அப்படியே அச்சுல போடுங்க.

இப்படிக்கு,
ஃபார்முலேஷன் பிரிவு ஊழியர், சென்னை