நாக்குக்குத் தெரியாமல் குறை, எய்யா

எய்யா,

இங்கே எல்லாரும் நலம். ஆனித் தேரோட்டம் முடிந்து திருநெல்வேலி டவுன் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. இனி ஆவணி பிறக்கும் வரைக்கும் எனக்குக் கல்யாணச் சமையல் வேலை கிடையாது. கை சும்மா இருப்பதால்தான் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

உன் டயட்டைப் பற்றித்தான். சோறு கிடையாது, இட்லி கிடையாது, காலையில் ஏதோ மாவைக் கரைத்துக் குடிக்கிறேன், ஒரு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது என்று பெருமையாகச் சொன்னாய். போன வருஷமும் இப்படி ஒன்று எடுத்தாய். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது போனதெல்லாம் திரும்பி வந்திருந்தது, வட்டியும் சேர்த்து. "பிள்ளை தெளிஞ்சிருக்கான்" என்று உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

எடையைக் குறைக்க வேண்டியதுதான், அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. ஐந்தடி ஏழங்குல உயரத்துக்கு 94 கிலோ அதிகம். நம் ஆட்களுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற கணக்கு, 25 ஆனாலே உடல்பருமன் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது 30. உனக்கு 32-ஐத் தாண்டுகிறது. நீ போகிற வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் கடகடவென்று இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். சோற்றில் இருந்து வரும் சர்க்கரையை உடம்பு ஈரலிலும் தசையிலும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறது. அதில் ஒரு கிராம் நின்றால் கூடவே மூன்று கிராம் தண்ணீரும் நிற்கும். சோற்றை அடியோடு நிறுத்தினால் அந்த இருப்பும் கரையும், தண்ணீரும் போகும். நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டுமே திரும்பும். அதற்கப்புறமும் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைகிறது. ரொம்ப வேகமாக இளைக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. அதற்கு மேல் வேண்டாம் என்பார்கள். என்னைக் கேட்டால் அரைக் கிலோவே அதிகம்.

சமையல்காரன் எடையைப் பற்றிப் பேசுவதா என்று நீ சிரிக்கலாம். ஆனால் எதில் எவ்வளவு எண்ணெய் போகிறது, எவ்வளவு சீனி போகிறது என்று சாப்பிடுகிறவனை விடக் கிண்டுகிறவனுக்குத்தான் தெரியும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்களே வந்து, "அண்ணாச்சி, பாதிப் பேருக்கு சுகர், பிரஷர். எண்ணெயைக் குறைச்சுப் போடுங்க" என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு மாஸ்டர் அதை அப்படியே கேட்டு, ஒரே நாளில் பாதியாக்கிவிட்டார். கத்தரிக்காய் கறி எல்லாம் இலையோடு திரும்பி வந்தது. அவருக்கு அதற்கப்புறம் அந்த வகையறாவில் வேலையே இல்லை. நான் அப்படிச் செய்வதில்லை. இந்த முகூர்த்தத்துக்கு ஒரு கரண்டி, அடுத்த சீசனுக்கு இன்னொரு கரண்டி என்று இறக்கிக்கொண்டே வந்தேன். பத்து வருஷத்துக்கு முந்தி ஊற்றினதில் முக்கால்வாசிகூட இப்போது ஊற்றுவதில்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். உப்பும் அப்படித்தான். சில வாரம் பொறுத்தால் குறைந்த உப்பே நாக்குக்குச் சரியான உப்பாகிவிடும், பழைய அளவு கரிக்கும்.

உனக்கும் இதுதான் வழி. நாக்குக்குத் தெரியாமல் குறைக்க வேண்டும். தெரிந்துவிட்டால் அது பழிவாங்கும்.

போன தடவை உன் ரூமுக்கு வந்தபோது அடுக்களையைப் பார்த்தேன். மூன்று பையன்கள், மாதத்துக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று. கணக்குப் போட்டுப் பார். ஒருத்தனுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது மில்லிக்கு மேல் வருகிறது. எண்ணெய் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. அப்படியானால் வெறும் எண்ணெயிலேயே தினமும் 450 கலோரிக்கு மேல் உள்ளே போகிறது, வெளியே சாப்பிடுகிற வடை, பரோட்டா எல்லாம் தனி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்றுதான் இங்கே டாக்டர்கள் சொல்வது. அதற்காகச் சமையல் அக்காவைக் கூப்பிட்டு "நாளையிலிருந்து எண்ணெயே கூடாது" என்று அதிகாரம் பண்ணாதே. அவள் ருசி கெட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்துதான் ஊற்றுகிறாள். கேனிலிருந்து நேராகச் சட்டியில் சாய்ப்பதை மட்டும் நிறுத்து. சின்ன எண்ணெய்த் தூக்கு ஒன்றும் ஒரு ஸ்பூனும் வாங்கிக் கொடு. அடுத்த மாதம் நாலரை லிட்டர், அதற்கடுத்த மாதம் நாலு. மூன்றுக்கு வந்ததும் கொஞ்ச நாள் அப்படியே விடு. தோசைக்குச் சுற்றி ஊற்றுகிறாய் பார், ஒரு தோசைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் மூன்று தோசைக்கு முப்பது மில்லி. கிட்டத்தட்ட 250 கலோரி தோசைக்கு வெளியே நிற்கிறது. கல் நன்றாகக் காய்ந்து, வெங்காயத்தை வெட்டித் தேய்த்தால் அரை ஸ்பூனே போதும். கல் பழகாத வீட்டில்தான் எண்ணெய் அதிகம் செலவாகும்.

டீ. ஒரு நாளைக்கு நாலு குடிக்கிறாய், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு இருபது கலோரி. ஒன்றரையாக்கு, ஒரு மாதம் கழித்து ஒன்றாக்கு. கடையில் "சீனி கம்மி" என்று சொல்ல வெட்கப்படாதே. நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, கலோரியில் அதுவும் இதுவும் அண்ணன் தம்பிதான்.

சோற்றை ஏன் பகைத்துக்கொண்டாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நம் இலையைப் பார். உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு, அவியல் எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் சோறு வரும். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் காயைத் தொடாமல் சோற்றுக்காகக் காத்திருப்பார்கள். நான் வாசலில் நின்று எத்தனையோ பந்தி பார்த்திருக்கிறேன், அப்படித்தான். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மெதுவாகிறது என்று இப்போது சொல்கிறார்கள். பாதிப் பசியும் அதிலேயே அடங்கிவிடும். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சோற்றில் ஒரு கரண்டி குறை, அந்த இடத்தில் ஒரு கரண்டி கூட்டோ பொரியலோ கூட்டு. அவியலில் தேங்காய் இருக்கிறதே என்பாய். இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது தடவை சாம்பாருக்குச் சோறு வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல். கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ தினமும் ஒன்று வேண்டும். எடை குறையும்போது சதை கரையாமல் பிடித்து நிறுத்த அதுதான் வழி. தோப்புக்கரணமும் போடு. பிள்ளையாருக்காக வேண்டாம், தொடைக்காக.

உன் பெரிய எதிரி ராத்திரிதான். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போய், பதினொன்றரைக்கு வந்து, போனில் பரோட்டாவுக்கு ஆர்டர் போட்டு, சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கிறாய். திருநெல்வேலிக்காரனிடம் பரோட்டாவை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலு ராத்திரி தின்கிறாயா, மூன்றாக்கு. அப்புறம் இரண்டாக்கு. சால்னாவில் மேலே மிதக்கிற எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து கரண்டியை விடு. நாங்கள் வீட்டுக்கு எடுத்துவரும்போது அப்படித்தான் எடுப்போம். எட்டு மணிக்கு ஆபீசிலேயே டிபன் சாப்பிட்டுவிட்டால் பதினொன்றரைக்கு அந்த வெறி இருக்காது. ஒரு டம்ளர் மோரில் தூக்கம் வரும். ஏழு மணி நேரம் தூங்கு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற சுரப்பு கூடி, போதும் என்று சொல்கிற சுரப்பு குறைந்துவிடுகிறதாம். ராத்திரி முழுக்க இடித்துக் கிண்டிவிட்டுக் காலையில் நாங்கள் தின்கிற தீனியைப் பார்த்தால் அது உண்மை என்று தெரியும்.

தினமும் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்று வாட்ச் வாங்கியிருக்கிறாய். அந்தப் பத்தாயிரம் 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி நடையளக்கும் கருவி விற்பதற்காக வைத்த எண். வைத்தியர் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. இப்போது நாலாயிரம் நடக்கிறாய் என்றால் அடுத்த மாதம் ஐயாயிரம் நட, போதும். சாப்பிட்டவுடனே பத்து நிமிஷம் நடப்பது காலையில் ஒரு நாள் ஓடி மூன்று நாள் படுப்பதை விட நல்லது. மூன்றாவது மாடிக்கு லிப்ட் எதற்கு?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உனக்கு அம்மா சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு மூன்று மாத சுகர், அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை, 6.1 என்று வந்தது. 5.7-இல் இருந்து 6.4 வரை பார்டர், 6.5 வந்தால் சர்க்கரை நோய். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பொறுமையாக உட்கார வைத்துப் பேசினார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்திய ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னார்கள். 2006-இல் அதன் முடிவு வெளியானது. பார்டரில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். சீனி, எண்ணெய், தீட்டின தானியத்தைக் குறைத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்ன கூட்டத்தில் சர்க்கரை நோய் வந்தது கால்வாசிக்கு மேல் குறைந்தது, 28.5 சதவீதம். அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் 2002-இல் வந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சியில் வைத்த இலக்கே எடையில் ஏழு சதவீதம்தான், வாரம் 150 நிமிஷ நடை. அதற்கே பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, 58 சதவீதம். உன் 94-க்கு ஏழு சதவீதம் ஆறரை கிலோ. ஒரு மாதத்தில் தொலைத்தாயே, அதே கணக்கு. அதை ஒரு வருஷத்துக்குப் பிரித்துப் போடு. தினமும் 250 கலோரி குறைந்தால் தாளில் மாதம் ஒரு கிலோ வரும், ஏனென்றால் ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. உடம்பு இளைக்க இளைக்கச் செலவையும் குறைத்துக்கொள்ளும், அதனால் போகப்போக அந்த ஒரு கிலோ முக்காலாகும், அரையாகும். அப்போது நின்றுவிட்டதே என்று பதறாதே.

தினமும் மிஷினில் ஏறி நிற்காதே. நான் மாதப் பிறப்பன்று அரிசிக்கடை தராசில் ஏறுவேன், காலையில் வெறும் வயிற்றில். 82 இருந்தது இப்போது 75. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைக்காரர், "அண்ணாச்சி, மூட்டை மெலியுதே" என்பார். நடுவில் ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள் ஏறினால் ஒன்றரை கிலோ கூடக் காட்டும். அது உப்பும் தண்ணீரும், நாலு நாளில் போய்விடும். எடையோடு இடுப்பையும் அள. நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அரைஞாண் கயிறு இறுக்கமில்லையே என்று அதை நம்பாதே, அது தொப்பைக்குக் கீழே இறங்கி ஒதுங்கிக்கொள்ளும். டெய்லர் டேப்பைத் தொப்புளுக்கு நேராகச் சுற்று, வயிற்றை எக்காமல்.

ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மறுவீட்டுக்குச் சொதி நான்தான் வைக்கிறேன். தேங்காயில் மூன்று பாலும் எடுத்து, முதல் பால் கடைசியில் ஊற்றி, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியோடு. அதில் ஒரு சொட்டும் குறைக்க மாட்டேன். நீயும் "எனக்கு டயட்" என்று பந்தியில் முகத்தைத் திருப்பாதே, வைக்கிற என் மானம் போகும். நன்றாகச் சாப்பிடு. ஒரு நாள் சொதியில் யாரும் 94 கிலோ ஆனதில்லை.

வருவதற்கு முன்னால் அங்கேயே வெறும் வயிற்று சுகர், மூன்று மாத சுகர், கொழுப்பு மூன்றும் எடுத்துவிடு. அப்பனுக்குப் பார்டர் என்றால் பிள்ளை முப்பதிலேயே பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம். அந்த மாவு டப்பாவில் மிச்சம் இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு மேற்கொண்டு குடி.

பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் பார்சலில் வருகிறது. எண்ணெய்க்குப் பதில் மோர் விட்டுப் பிசைந்து பார்.

அன்புடன்,
அப்பா