ஞாயிறு காலை தனுஷ்கோடியில் பறவை பார்ப்போம்

வணக்கம் உறவுகளே! வரும் ஞாயிறு காலை 5.30 மணிக்கு ராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். அங்கிருந்து வேனில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழிமுகம்.

பூநாரைகள்தான் முக்கியம். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி அவை இரை எடுப்பதை டெலஸ்கோப்பில் நிதானமாகப் பாருங்கள். அவற்றுக்காகவே 2025 ஜூனில் இப்பகுதியைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. நம்மூருக்குக் கிடைத்த பெரிய பேறு இது. ஆலா, உப்புக்கொத்தி, உள்ளான் வகைகளையும் தேடுவோம். உள்ளான்களை இனம் பிரிப்பது புதியவர்களுக்குச் சிரமம்தான், மூத்தவர்கள் கூடவே நின்று சொல்லித்தருவார்கள்.

படத்துக்காகக் கிட்டே போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்தவை, மேய்ச்சலும் ஓய்வும் அவற்றுக்கு உயிர். டிரோன் கூடவே கூடாது. பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். தொப்பி, தண்ணீர், சேற்றில் நடக்கத் தோதான செருப்பு எடுத்து வாருங்கள். பைனாகுலர் இல்லாதவர்களுக்குக் குழுவினுடையது உண்டு.

பிள்ளைகளை அவசியம் கூட்டி வாருங்கள், அவர்களுக்குப் பறவை வரையும் பயிற்சியும் உண்டு. அடுத்த மாதம் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள்.

வருபவர்கள் எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள், வேன் சொல்ல வேண்டும்.