மூன்று சுவிட்ச் இருக்கலாம், டிம்மர் ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டு விளக்குகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால், அறைக்கு எத்தனை வாசலோ அத்தனை டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) வைத்துக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. அதை நம்பி யாரும் சுவரை உடைத்துவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே உடைத்தாகிவிட்டது.

நான் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. தண்டையார்பேட்டையில், தியேட்டரை மூடிவிட்ட பிறகும் 'அகஸ்தியா ஸ்டாப்' என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமான கூடம். ஒரு முனையில் தெருக்கதவு, நடுவில் சமையலறைக்குத் திரும்பும் வழி, மறுமுனையில் மாமியாரின் கட்டில். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பளிச்சென்ற வெளிச்சம் ஆகவில்லை. எனக்கோ கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டப் பகல் மாதிரி வெளிச்சம் வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மகன் பால்ஸ் சீலிங் போட்டு, அதில் ஆறு எல்.இ.டி. விளக்குகளைப் பதித்தான். வந்த எலக்ட்ரீஷியன் மூன்று இடத்திலும் மூன்று டிம்மரை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் இரவே மாமியார் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, லைட்டு கண்ணடிக்குது?" உண்மைதான். கட்டில் பக்கம் குறைத்து வைத்தால் தெருக்கதவுப் பக்கம் எவ்வளவு திருகினாலும் வெளிச்சம் ஏறாது. இரண்டு இடத்தில் பாதிப் பாதி வைத்தால் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம், கூடவே துடிப்பு. ஒரு மாதத்துக்குள் இரண்டு விளக்கு போய்விட்டது. கூப்பிட்டால் எலக்ட்ரீஷியன் போனை எடுப்பதில்லை.

அப்புறம் எங்கள் தெருவிலேயே இருக்கிற பழைய வயர்மேன் அண்ணனைத்தான் பிடித்தேன். அவர் முதலில் மெயினை இறக்கி போர்டைக் கழற்றினார். பிறகு ஒயர்களை ஒதுக்கி வைத்து, மெயினைப் போட்டு டெஸ்டரால் பார்த்தார். டிம்மர் வழியாகப் போனது நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போகிற ஒயர்! கரன்ட் வருகிற ஒயரான பேஸ் நேராக விளக்குக்குப் போயிருந்தது. அதாவது சுவிட்சை அணைத்து விளக்கு அணைந்த பிறகும் மேலே கரன்ட் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி விளக்கைத் துடைத்தவள் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

டிம்மர் எப்படி வேலை செய்கிறது என்று அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் அது கத்தரிக்கோல் வேலை. நம் வீட்டுக் கரன்ட் நொடிக்கு 50 அலை, அரை அலையாக எண்ணினால் 100. டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தை விளக்குக்கு அனுப்புகிறது. ஏற்கெனவே கத்தரித்த துணியை இன்னொருத்தர் முழுத்துணி என்று நினைத்து அளவெடுத்தால் சட்டை என்ன ஆகும்? டிம்மருக்குப் பின்னால் டிம்மர் கோத்தால் அதுதான் நடக்கிறது.

இன்னொரு தப்பும் இருந்தது. வைத்த டிம்மர் குண்டு பல்பு காலத்துச் சரக்கு. அதன் முதுகிலேயே 60 முதல் 400 வாட் என்று போட்டிருக்கிறது. எங்கள் விளக்கு ஒன்று 7 வாட், ஆறும் சேர்ந்தால் 42. குறைந்தபட்ச சுமைக்கே எட்டவில்லை. பழைய டிம்மர் அலையின் தலைப்பக்கத்தைக் கத்தரிக்கும், எல்.இ.டி.க்கென்று வருவது பெரும்பாலும் வால்பக்கத்தை. அதோடு, எல்லா எல்.இ.டி. விளக்கும் டிம்மரில் போடக்கூடியது இல்லை. விளக்குக்குக் கரன்டைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற, டிரைவர் என்ற பாகம் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். எங்களுடையது அப்படி இல்லை. ஆறையும் மாற்றினோம். வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய? (பேன் ரெகுலேட்டரில் இணைத்தால் போதும் என்று யோசனை சொன்ன உறவினரும் உண்டு. அதைச் செய்யவே கூடாது.)

சரி, இப்போது எப்படி இருக்கிறது? பேஸ் தெருக்கதவுப் பக்கம் ஒரு டூ வே சுவிட்சுக்கு (வரும் கரன்டை இரண்டு ஒயரில் ஏதாவது ஒன்றுக்குத் திருப்பிவிடுகிற சுவிட்ச்) வருகிறது. அங்கிருந்து இரண்டு ஒயர் சமையலறை வழியில் உள்ள இன்டர்மீடியட் சுவிட்சுக்கு. அதில் நாலு முனை. தட்டினால் இரண்டு ஒயரும் ஒன்றுக்கொன்று இடம் மாறும், அவ்வளவுதான் அதன் வேலை. அங்கிருந்து மறுபடி இரண்டு ஒயர் கட்டில் பக்கத்து டூ வேக்கு. அதைத் தாண்டி ஒரே ஒரு டிம்மர், அதிலிருந்து விளக்குகளுக்கு. நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடாமல் நேராக மேலே போகிறது. மூன்று இடத்திலும் போடலாம், அணைக்கலாம். கூட்டுவதும் குறைப்பதும் மாமியார் கையில் மட்டும். பழைய முனைகள் எங்கள் கடற்காற்றில் பச்சை பூத்துப்போயிருந்ததால், ஒன்றரை எம்.எம். ஒயரைப் புதிதாகவே இழுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. நான் எம்.சி. ரோட்டில் துணி வாங்கிக்கொண்டு இருட்டின பிறகு வந்து சுவிட்சைத் தட்டினால், மாமியார் வைத்துவிட்டுப்போன மங்கல் வெளிச்சம்தான் வரும். அதனால் தையல் மிஷினுக்கு மேலே தனியாக ஒரு டியூப் லைட், தனிச் சுவிட்சோடு. முதலிலேயே அதைச் செய்திருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

உங்கள் நாளிதழ் வழியாக விளக்கு தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி ஆங்கிலத்தில் போடுகிற 'டிம்மபிள்' என்ற சொல்லை, 'டிம்மரில் போடலாம்' அல்லது 'டிம்மரில் போடக் கூடாது' என்று தமிழில் முன்பக்கமே அச்சடியுங்கள். டிம்மர் பெட்டியில் குறைந்தபட்ச வாட்டையும் அப்படியே போடுங்கள். அடுத்த வாரம் இணைப்பில் இடமிருந்தால், வயர்மேன் அண்ணன் சொல்லச் சொல்ல நான் பிரவுன் பேப்பரில் வரைந்த வயரிங் படத்தை அனுப்பிவைக்கிறேன். இப்போது அது மெயின் போர்டு கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.