சித்திக்கு, சேலத்திலிருந்து (நம் சேலம் இல்லை)

சித்திக்கு,

வரும் வெள்ளிக்கிழமை அப்பத்தாவுக்குத் தலைத்திவசம். உங்களையும் அழைத்திருப்பதாக அம்மா சொன்னாள். பத்திரத்தில் உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்பதால்தான் அழைக்கிறார்கள் என்று நான் எழுதினால், இதை வாசிக்கிற சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். அதனால் எழுதவில்லை.

நான் வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னது பொய். கிடைத்த விடுப்பில் ஒரு நாளைச் செலவழித்துத்தான் போன செவ்வாய்க்கிழமை சேலத்துக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா குழம்பிவிட்டாள். "சேலத்திலா? அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றாள். மாம்பழமும் இரும்பாலையும் இருக்கிற சேலம் இல்லை. இது பாஸ்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் வருகிற கடற்கரை ஊர். எபிரேய மொழியில் 'சமாதானம்' என்று பொருள் வரும் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். பிறகு 1692இல், சூனியம் வைத்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். 14 பெண்கள், 5 ஆண்கள். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த ஒரு முதியவரின் மேல் பாறாங்கற்களை அடுக்கிக் கொன்றார்கள்.

இப்போது அந்த ஊர் சோறு தின்பது அந்தச் சாவுகளால்தான். போலீஸ் காரின் கதவில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி. உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிக்குப் பெயரே 'சூனியக்காரிகள்'. சுமார் 44,000 பேர் வாழும் ஊருக்கு அக்டோபர் மாதத்தில் மட்டும் 10 லட்சம் பேர் வருகிறார்கள், கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு. என் அலுவலகத்தில் எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் என்னையும் கூப்பிடுவார்கள், ஒவ்வொரு வருடமும் எனக்குத் தலைவலி வரும். ஜனவரி என்றால் போகலாம் என்று தோன்றியது. யாரும் சிரிக்காத மாதம்.

எசெக்ஸ் தெருவில் நான் நடந்தபோது எனக்கு முன்னால் உப்புத் தூவிக்கொண்டு போன ஓர் ஆளைத் தவிர யாரும் இல்லை. பாதிக் கடைகளில் 'வார இறுதியில் மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒரு கண்ணாடிக்குள் எலும்புக்கூடு ஒன்று கிறிஸ்துமஸ் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது, கழற்றவில்லை. பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் சூனியக்காரிக்கு 2005இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பிறைநிலாவுக்கு முன்னால் துடைப்பத்தின் மேல் அமர்ந்து சிரிக்கிறாள். அவள் மடி நிறைய பனி. அக்டோபரில் அவளோடு படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டுமாம். நான் எடுக்கவில்லை.

சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி நினைவிடம் இருக்கிறது. 1992இல் கட்டியது. கருங்கல் சுவரிலிருந்து 20 கல்பலகைகள் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கொன்ற விதம், நாள். வாசலில் தரைக்கல்லிலேயே அவர்கள் கெஞ்சிய வார்த்தைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் சுவர் வந்து வாக்கியத்தின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. அன்று அதன் மேல் பனி. முதலில் காலணியால் தள்ளினேன். எழுத்து தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. குனிந்து கையுறையால் துடைத்தேன்.

ரெபெக்கா நர்ஸ் என்ற பெயர் இருந்த பலகைக்குப் பக்கத்தில்தான் ரொம்ப நேரம் நின்றேன். 71 வயது. காது சரியாகக் கேட்காது. ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றுதான் சொன்னார்கள். சாட்சி சொல்ல வந்த இன்னொரு கைதியைப் பார்த்து, "இவள் எங்களில் ஒருத்தி" என்று அந்தப் பாட்டி சொல்லியிருந்தார். "என்னோடு சிறையில் இருப்பவள்" என்று அர்த்தம். அதைப் பிடித்துக்கொண்டார் தலைமை நீதிபதி. அதற்கு என்ன பொருள் என்று ஜூரிகளின் தலைவர் பாட்டியிடமே கேட்டார். பாட்டிக்குக் கேட்கவில்லை. பேசாமல் நின்றார். அந்த மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19 அன்று தூக்கு.

உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், சித்தி.

அந்த ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையைத்தான் சொல்கிறேன். கன்றுக்குட்டி செத்ததும் சித்தப்பாவின் லாரி போனதும் உங்களுக்குத் தெரியாததா. குறி சொல்ல வந்த கோடாங்கி முற்றத்தில் உட்கார்ந்து உடுக்கையை நிறுத்திவிட்டு, "செய்வினை வெளியே இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது, வீட்டுப் பெண்தான்" என்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குப் பத்து வயது. யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை நான் பல வருடங்களாக, அப்பத்தா கேட்டாள், அதனால் சொன்னேன் என்று மனதுக்குள் மாற்றி வைத்திருந்தேன். அப்பத்தா கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "சித்தி ராத்திரி முருங்கை மரத்தடியில் துணியில் எதையோ சுற்றிப் புதைத்தார்கள். நான் பார்த்தேன்."

பொய் சொல்லவில்லை. பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை வருடமும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கோடாங்கி என் நெற்றியில் விபூதி பூசினார். "குழந்தை வாயில் சாமி பேசுகிறது" என்றார். அப்பத்தா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் மடியில் நான் உட்கார்ந்ததாக நினைவில்லை. நன்றாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் இதை எழுதக்கூடாது, ஆனாலும் நன்றாக இருந்தது.

நீங்கள் கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றீர்கள். "தோண்டாதீர்கள்" என்றீர்கள். ஏன் என்று கேட்டார்கள். எத்தனை முறை கேட்டார்கள்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவின் காதிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உங்கள் அண்ணன் அன்று இரவு வந்து உங்களைப் பஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்க மாட்டார். எனக்குத் தலை பின்ன ஆள் இல்லாமல் போயிருக்காது. பன்னிரண்டாம் வகுப்பில் நான் உங்களுக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்கு ஒரு கார்டாவது பதில் போட்டிருக்கலாம். ஒரு பெரியவர் வாயை மூடிக்கொண்டால் பத்து வயதுப் பிள்ளைதான் காலத்துக்கும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

துணிக்குள் என்ன இருந்தது என்று போன வருடம்தான் அம்மா சொன்னாள். அப்பத்தா போன பிறகு. அம்மாவுக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்கவில்லை. இங்கே அதை எழுத மாட்டேன். வாசிக்கிறவர்கள் ஊகிக்க வேண்டாம். ஊகித்தால் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நீங்கள் தனியாக மண்ணைத் தோண்டினீர்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன், சித்தி. என்னை எழுப்பியிருந்தால் நான் டார்ச் பிடித்திருப்பேன்.

அந்த ஊரில் சாட்சி சொன்ன சிறுமிகளில் ஒருத்தி ஆன் பட்னம். அப்போது 12 வயது. ரெபெக்கா பாட்டியின் ஆவி வந்து தன்னைக் கிள்ளுவதாகச் சொன்னவர்களில் அவளும் உண்டு. 14 வருடம் கழித்து, 1706இல், தேவாலயத்தில் எழுந்து நின்றாள். அவள் எழுதியதைப் போதகர் வாசித்தார். பாட்டியின் பெயரைச் சொல்லி, அவருடைய இரண்டு சகோதரிகளையும் குறிப்பிட்டு, புழுதியில் விழுந்து கிடக்க விரும்புவதாகச் சொன்னாள். அதே மூச்சில், கோபத்தாலோ பகையாலோ செய்யவில்லை, சாத்தான் என்னை ஏமாற்றிவிட்டான் என்றும் சொன்னாள். முன்பு இதை வாசித்தபோது, சாத்தானைத் துணைக்குக் கூப்பிடாமல் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லையே என்று எரிச்சல் வந்தது. மேலே நான் எழுதியதை இப்போது திரும்ப வாசித்தேன். கோடாங்கி, அப்பத்தாவின் மடி, உங்கள் மௌனம். எனக்கு மூன்று சாத்தான்கள்.

மன்னித்துவிடுங்கள். இதை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். விலாசம் கேட்டால் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

தூக்கு நடந்த இடத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். ஊரின் மையத்தைத் தாண்டி ஒரு மருந்துக் கடைக்குப் பின்புறம், வீடுகளுக்கு நடுவே ஒரு பாறைச் சரிவு. இதுதான் இடம் என்று 2016இல்தான் உறுதி செய்தார்கள். மறுவருடம் 19 பெயர்களை வைத்துச் சிறிய கல்சுவர் கட்டினார்கள். அதுவரை அங்கே குடியிருந்தவர்கள் துணி காயப்போட்டுக்கொண்டும் காரை நிறுத்திக்கொண்டும்தான் இருந்திருப்பார்கள். நான் போனபோது பக்கத்து வீட்டில் ஒருவர் பனி அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பத்து நிமிடத்துக்கு மேல் குளிர் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்று கோடாங்கி எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்துக் கட்டுப் போட்டதோடு சரி, யாரும் தோண்டவில்லை. ஆனால் கொல்லையில் முருங்கை மரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்பு அப்பா கட்டினார். அதற்குப் பணம் அனுப்பியது நான்.