பால் உற்பத்தியாளர் சங்க ஆண்டறிக்கை: கன்று வீச்சு நோயும் நாமும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கொள்முதல், போனஸ், தீவனக் கடன் கணக்குகளைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு என் மனதை விட்டு அகலாதது, சினை மாடு குறை மாதத்திலேயே கன்றை வெளியே தள்ளிவிடும் கன்று வீச்சு நோய்தான். அதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசியில் எங்கள் வீட்டு மாடு ஏழு மாதச் சினையில் கன்றை வீசியது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. வெறுங்கையால் எடுத்து, வைக்கோலில் சுற்றி, வழக்கம்போல ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். எங்கேயாவது முட்டு பட்டிருக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் புருசெல்லா கிருமி என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கொடியிலும் அதோடு வரும் கழிவு நீரிலும்தான் கிருமி கொட்டிக் கிடக்கும் என்று அவர் சொன்னதும் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் விசாரித்தால், நம் ஊரில் இன்னும் சில வீடுகளில் இதே கதை. கன்று வீசிய மாட்டை வெளியில் சொல்லாமல் சந்தைக்கு ஓட்டியிருக்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டிய மாடு, வேறு என்ன செய்வார்கள்? ஆனால் வாங்கியவர் கட்டுத்தரைக்கும் நோய் கூடவே போகிறது.

பால் கறக்கும் நம் உறுப்பினர் ஒருவருக்கு மாலையானால் காய்ச்சல், இரவெல்லாம் வேர்வை, எழ முடியாத இடுப்பு வலி. டைபாய்டு என்றே இரண்டு மாதம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் மாடு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. மாட்டிடமிருந்து தொற்றிய இதே நோய்தான் என்று தெரிந்த பிறகு டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் மாத்திரைகளை ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டுத் தேறினார்.

உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கு இது வருகிறது என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். 2023இல் வெளியான ஒரு கணிப்பு 16 முதல் 21 லட்சம் என்கிறது. முன்பு கணக்கில் வராமல் போனவர்கள் அத்தனை பேர். நம் ஊரிலும் அப்படித்தான், காய்ச்சல் டைபாய்டாகிறது, மாடு சந்தைக்குப் போகிறது, நோய் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. 1905இல் மால்டா தீவில் ஸம்மிட் என்ற மருத்துவர், பார்வைக்கு நல்ல நிலையில் இருந்த ஆடுகளிடமும் இந்தக் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார். மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமும் இருந்துவிட முடியாது.

சங்கத்தில் கேன் பாலைச் சோதித்தோம். சோதனைக் குழாயில் பாலை ஊற்றிச் சாய மருந்து ஒரு சொட்டு விட்டு வைத்தால், நோய் இருக்கும் பாலில் மேலே ஏறும் ஆடையில் நீல வளையம் படிகிறது. வளையம் தெரிந்த வீடுகளில் மட்டும் ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறோம்.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் தடுப்பூசி இலவசம். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே ஊசி. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி, அதனால் மருத்துவர்தான் போட வேண்டும். பச்சைப் பால் யாரும் குடிக்க வேண்டாம், சீம்பாலையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

சரி, ஒரு கோரிக்கை. கன்று வீசியதை அன்றே சங்கத்தில் சொல்லும் உறுப்பினருக்குச் சோதனைச் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும். நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைக்கச் சுண்ணாம்பும் கையுறையும் அலுவலகத்திலேயே வைத்திருக்க வேண்டும். இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்