பெயரைச் சிதைக்கும் நிரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்கள் பெயர்ப் பட்டியல்களைத் தமிழிலேயே கணினியில் ஏற்றத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அவற்றைச் சரிபார்க்கும் நிரல்கள் ஆங்கில எழுத்தை மட்டுமே மனத்தில் கொண்டு எழுதப்படுகின்றன. அண்மையில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ‘செல்வி’ என்பது ‘சலவ’ என்றும், ‘பொன்னி’ என்பது ‘பனன’ என்றும் அச்சாகியிருந்தன.

எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் (குறியெண்) வழங்கும் யூனிகோடு முறையில் ‘செல்வி’ என்னும் பெயர் ச, கொம்பு, ல, புள்ளி, வ, இகரக் குறி என ஆறு குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. இவற்றுள் மூன்று மட்டுமே ‘எழுத்து’ என்ற வகையில் அடங்கும். மற்றவை சேர்க்கைக் குறிகள். பைத்தான் என்னும் நிரல்மொழியுடன் வரும், உரையில் வேண்டியதைத் தேடிப் பிரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்பிடம் ‘எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்’ என்றால், புள்ளியையும் கொம்பையும் காற்புள்ளியோடு சேர்த்துக் கழித்துவிடும். நிரலர் நீக்க நினைத்தது காற்புள்ளியைத்தான். சேர்க்கைக் குறிகளையும் ஏற்குமாறு அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

தேடலில் வேறொரு சிக்கல். ‘பொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. எனவே பதிவுசெய்யும்போதும் தேடும்போதும் பெயரை, இத்தகைய இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்னும் சீர்வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ‘கௌரி’யை ளகரம் இட்டுக் ‘கெளரி’ என்று தட்டச்சு செய்யும் பழக்கத்துக்கு மட்டும் அந்தச் சீர்வடிவமும் உதவாது. நாளிதழ்களிலும் இப்பிழை தென்படுகிறது என்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

இடஅளவும் கவனிக்கத்தக்கது. யூனிகோடு குறியெண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட்டுகள் (பைட்டு என்பது கணினிச் சேமிப்பின் அலகு) தேவை என்பதால், ‘செல்வி’ மட்டுமே 18 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். 30 பைட்டு என வரையறுத்த கட்டத்தில் தந்தை பெயரும் சேர்ந்தால் பாதியில் அறுந்துவிடும். அகரவரிசையும் அப்படியே: குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் னகரம் பகரத்துக்கு முன்னே வந்து, ‘அப்பாவு’க்கு மேலே ‘அன்பு’ அமர்ந்துவிடும். தமிழ் வரிசை விதிகள் ஐசியு என்னும் ஆயத்த நிரல் தொகுப்பில் ஏற்கெனவே உள்ளன.

மென்பொருளை விலைக்கு வாங்கும் அலுவலகங்கள், கௌரி, பொன்னி, அன்புச்செல்வி, ஸ்ரீதர் போன்ற பெயர்களைப் பதிந்து, தேடி, வரிசைப்படுத்தி, அச்சிட்டுக் காட்டச் சொல்லிய பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுமாறு தங்கள் இதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தரவுப் பணியாளர் ஒருவர்,
திருச்சி