கச்சான் காற்றுக்குத் தாங்கும் சார்ஜர் வையுங்கள்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சார்ஜிங் நிலையங்களுக்கு டெண்டர் விடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மண்டபம் ஊரில் வாடகைக்கு எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறேன். போன மாதம் ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டு முடித்த வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலம் இறங்கியபோது பேட்டரி 14 சதவீதம். ராமநாதபுரம் போய்ச் சேராது. செயலியில் பச்சை காட்டிய சார்ஜரைத் தேடிப் போனால் திரை செத்துக் கிடந்தது. வண்டியில் செருகுகிற முனையை, நாங்கள் 'கன்' என்போம், கழற்றிப் பார்த்தேன். செப்புக் குடத்தில் ஏறுகிற மாதிரி பின்களில் களிம்பு.

கடைசியில் கைகொடுத்தது ஒரு டீக்கடையின் 15 ஆம்பியர் பிளக். "ஃபிரிட்ஜை நிறுத்திட்டேன், நீ போட்டுக்க தம்பி" என்றார் கடைக்கார அக்கா. மூன்று மணி நேரத்தில் எட்டு யூனிட் ஏறியது. என் வண்டியில் வந்த அம்மா ஈரத் தலையோடு பெஞ்சிலேயே தூங்கிவிட்டார்.

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை 2018லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. சரி, எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் மதுரையில் ஓடுகிற பெட்டியை அப்படியே பாம்பனில் கொண்டுவந்து நட்டால் ஓடாது. வேகமாக ஏற்றும் டிசி சார்ஜர்கள் பெரும்பாலும் ஃபேன் வைத்துத்தான் சூட்டைத் தணிக்கின்றன. அந்த ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இங்கே காற்று என்றால் உப்பும் ஈரமும் சேர்ந்ததுதான். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் மணலும் கூட வரும். அது சார்ஜருக்குள் இருக்கிற மின்னணு போர்டில் படிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் டிவி ரிப்பேர் பார்ப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கே வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறோம்.

அதனால் டெண்டரிலேயே எழுதுங்கள்: உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய இயந்திரம், போர்டுக்குப் பூச்சு, கடல் பக்கம் மறைப்போடு மேற்கூரை, கன்னைத் துடைத்துப் பராமரிக்க உள்ளூர் ஆள். பெட்டியை நட்டதற்கு மட்டும் பணம் கொடுத்து முடித்துவிடாமல், ஒரு பங்கை நிறுத்திவைத்து, அது ஓடுகிற நாட்களைப் பார்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று. ராமேஸ்வரத்துக்கு விலை கூடிய வேக சார்ஜர் நிறைய தேவையில்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வர எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை வண்டி சும்மாதான் நிற்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக ஏற்றும் 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர் பெட்டிகளை வரிசையாக வைத்தால், அந்த வேகத்தை ஏற்கிற வண்டிக்கு அதற்குள் 20 யூனிட் ஏறிவிடும். என் வண்டி அதில் 120 கிலோமீட்டர் ஓடும். பெட்டியும் எளிமையானது, ஃபேன் தொல்லை குறைவு. அமாவாசைக் கூட்டத்தில் இவை போதாது, ஒத்துக்கொள்கிறேன். அந்த நாட்களுக்கு உச்சிப்புளி, மண்டபம் பக்கம் ஓடுகிற டிசி சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

(கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016லிருந்து இருக்கிற மாவட்டம் இது. டீக்கடை பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தபோது அதுவும் நினைவுக்கு வந்தது.)

கிளம்பும்போது அக்காவிடம் 200 ரூபாய் கொடுத்தேன். "கரண்டுக்கு இவ்வளவு எதுக்கு" என்று நூறைத் திருப்பித் தந்தார். சார்ஜ் ஏற்றிக் கொடுக்க லைசென்ஸ் வேண்டாம் என்று அரசே சொல்லியிருக்கிறது என்றேன். உடனே கேட்டார்: "அப்ப இதுக்குன்னு தனியா மீட்டர் குடுப்பாங்களா?" கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். அவருக்கு என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
மண்டபத்து வாடகைக் கார் ஓட்டுநர்